போல்ட்டைக் கழற்றுகிறவருக்கு யார் காசு குடுக்கிறது?

என்ட மேசையில் ஒரு உடைஞ்ச அலுமினியத் துண்டு கிடக்கு. மாமாவின் படகு எஞ்சினைப் பின்பலகையோடு இறுக்கிப் பிடிக்கிற பிராக்கெட்டின் ஒரு பாதி அது. மற்றப் பாதி திருகோணமலை உள்துறைமுகத்தின் அடியில். கச்சான் காற்று அடிச்ச ஒரு நாள், ஓர்ஸ் ஹில் வீடுகள் கண்ணுக்குத் தெரியிற தூரத்தில் வைத்து முறிஞ்சது. எஞ்சினைக் கட்டியிருந்த கயிறு அதைக் கடலுக்குள் விடாமல் பிடிச்சது. இன்னொரு படகு வந்து இழுத்துக் கரை சேர்த்தது. வெளிக்கடலில் முறிஞ்சிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று வீட்டில் யாரும் வாய்விட்டுக் கதைக்கவில்லை.

அது கம்பனி பிராக்கெட் இல்லை. பழசு வெடிச்ச நேரம் புதுசு கிடைக்கவில்லை. கிடைத்த ஒரு கடையில் சொன்ன விலை மாமாவுக்குக் கட்டுப்படியாகவில்லை. 2020இல் தொடங்கின இறக்குமதிக் கட்டுப்பாடு, 2022இல் டொலர் இல்லாத நெருக்கடி என்று போன அந்த வருசங்களில் எத்தனையோ பேர் செய்ததைத்தான் அவரும் செய்தார். பழைய பாகத்தை மாதிரிக்குக் குடுத்து, மணலில் அச்செடுத்து, பழைய அலுமினியத்தை உருக்கி ஊத்தி ஒன்று வாங்கினார். பார்வைக்கு வடிவாத்தான் இருந்தது. நாலு மாதம் நிண்டது.

உடைஞ்ச முகத்தை வெளிச்சத்தில் பிடிச்சுப் பார்த்தால் சின்னச் சின்னத் தகடுகளாக மினுங்குது. அலுமினியம் நல்லதாக இருந்தால் முறியுறதுக்கு முதல் கொஞ்சம் வளையும், இழுபடும், உடைஞ்ச இடம் மங்கலாக இருக்கும். இது பீங்கான் கோப்பை மாதிரிப் பட்டென்று போயிருக்கு. வார்ப்பு உடையுறதுக்குப் பல காரணம் உண்டு. உள்ளே காற்றுக் குமிழி இருக்கலாம், மணல் ஈரமாக இருந்திருக்கலாம், வடிவமே பிழையாக இருக்கலாம். ஆனால் இந்தத் துண்டு எப்படிச் செய்யப்பட்டது என்று பார்க்கப் போனபோது ஒரு காரணத்தை நேரே கண்டேன். அது இரும்பு.

பழைய அலுமினியத்துக்குள் சேர்ற இரும்பு என்கிறது உலகம் முழுக்க உள்ள தொழிற்சாலைகளுக்குத் தலையிடி குடுக்கிற விசயம். பொறியியல் படிக்கிற ஆக்களுக்கு மட்டும் உரிய பாடம் என்று அதை நாங்கள் விட்டுவிடுகிறோம். ஆனால் பிரச்சினை தொடங்குறது பழைய சாமான் கடைத் தராசில். அதைச் சரிசெய்ய வேண்டியதும் அங்கேதான் என்கிறதுதான் என் வாதம்.

தேத்தண்ணியும் சீனியும்

வார்ப்புக் கொட்டிலில் உருக்குறதுக்காகக் குவிச்சு வைச்சிருந்ததை முதலில் சொல்றேன். மோட்டார் சைக்கிள் எஞ்சின் மூடிகள், திரீவீலர் கியர்பொக்ஸ் கோதுகள், பிஸ்டன்கள், ஜன்னல் சட்டத் துண்டுகள், நசுங்கின சட்டிகள், ரெண்டு அலோய் ரிம். மூடிகள் பலவற்றில் போல்ட் அப்படியே இருந்தது. சிலிண்டர்களுக்குள் வார்ப்பிரும்பு லைனர் இருந்தது. டீசல் பிஸ்டன்களில் வளையம் உட்காருற இடத்தில் ஒரு வார்ப்பிரும்பு வளையத்தை அலுமினியத்துக்குள்ளேயே பதிச்சிருப்பார்கள், வெளியால் பார்த்தால் சரியாத் தெரியாது. உருக்குற பானையும் இரும்பு. கிளறுறது கொங்கிறீட் கம்பியால்.

"போல்ட்டைக் கழற்றுறதில்லையா அண்ணா?" என்று கேட்டேன்.

"அது ஏன் தம்பி? அலுமினியம் 660 பாகையில உருகிடும். இரும்பு உருக 1500 வேணும். எங்கட அடுப்பில அது உருகவே உருகாது. அடியில கிடக்கும், கடைசியா அள்ளி எறிஞ்சிடுவம்."

அவர் சொன்ன இலக்கம் ரெண்டும் சரி. முடிவு பிழை. சீனி உருகுறதுக்கு நூற்றி எண்பது பாகைக்கு மேல் வேணும். அதுக்காகத் தேத்தண்ணிக்குள் போட்ட சீனி அடியில் கிடக்கிறதா? கரையுது. உருகுறது வேற, கரையுறது வேற. உருகின அலுமினியத்துக்குள் இரும்பு சீனி மாதிரிக் கரையும். சூடு கூடினால் இன்னும் கெதியாகக் கரையும். நேரம் கூடினால் இன்னும் நிறையக் கரையும். கடைசியில் அள்ளி எறியிற போல்ட்டைப் போட முதலும் எடுத்த பிறகும் நிறுத்துப் பார்த்தால் எவ்வளவு காணாமல் போயிருக்கு என்று தெரியும். பானையின் சுவரும் கம்பியின் நுனியும் வருசக் கணக்கில் மெலிஞ்சு போறதும் இதனால்தான்.

எவ்வளவு கரைஞ்சால் பிரச்சினை? 100 கிலோ அலுமினியக் குழம்புக்குள் 20 கிராம் போல்ட் 25 முழுசாகக் கரைஞ்சால் அரைக் கிலோ. அதாவது 0.5 வீதம் இரும்பு. ஒரு கை அள்ளின போல்ட். கார் ரிம் வார்க்கிற ஏ356 என்ற கலப்புலோகத்தில் இரும்பு மொத்தமாகவே 0.2 வீதத்தைத் தாண்டக்கூடாது. அந்தக் கைப்பிடி போல்ட் அதைப்போல ரெண்டரை மடங்கு.

உறைஞ்ச பிறகு என்ன நடக்குது

700 பாகையில் ஓடுற அலுமினியம் ரெண்டு வீதத்துக்கு மேல் இரும்பைத் தனக்குள் வைச்சிருக்கும். உறைஞ்ச அலுமினியத்தால் 0.05 வீதம்கூட வைச்சிருக்க ஏலாது. ஆகவே குழம்பு ஆறி உறையும்போது இரும்பு வெளியில் தள்ளப்படுது. அது தனி இரும்பாக வராது. அலுமினியத்தையும் சிலிக்கனையும் சேர்த்துக்கொண்டு ஒரு புதுச் சேர்வையாக வரும். விஞ்ஞானிகள் அதைப் பீட்டா என்று கூப்பிடுவார்கள். வெட்டி, மினுக்கி, நுணுக்குக்காட்டியில் பார்த்தால் ஊசி ஊசியாகத் தெரியும். உண்மையில் அவை மெல்லிய தகடுகள். தகட்டை விளிம்புப் பக்கத்தால் பார்த்தால் ஊசி மாதிரித்தானே தெரியும்.

இந்தத் தகடுகள் ரெண்டு கெடுதல் செய்யும். முதலாவது, உறைஞ்சுகொண்டு வாற வார்ப்புக்குள் கடைசியாகப் போய் நிரப்ப வேண்டிய குழம்புக்கு இவை வேலி மாதிரிக் குறுக்கே நிற்கும். குழம்பு போகாத இடம் ஓட்டையாக மிஞ்சும். ரெண்டாவது, தகடு கண்ணாடி மாதிரி நொறுங்கும். எஞ்சின் அதிருற ஒவ்வொரு தரமும் வெடிப்புக்கு அது ஒரு தொடக்க இடம். நிலையான பாரத்தைத் தாங்குற வலு ஓரளவு குறையும். வளைஞ்சு குடுக்கிற குணம்தான் படுமோசமாகக் குறையும். மாமாவின் பிராக்கெட் கடைசி வரைக்கும் ஒரு அறிகுறியும் காட்டாததுக்குக் காரணம் அந்தக் குணம் போனதுதான்.

சிலிக்கன் 7 வீதம் உள்ள கலப்பில் இரும்பு ஏறக்குறைய 0.5 வீதத்தைத் தாண்டினால் இந்தத் தகடுகள் மற்றதெல்லாம் உறைய முதலே பிறந்து, தங்களுக்கு வேணுமான அளவுக்குப் பெருசாக வளரும். மெதுவாக ஆறினால் இன்னும் பெருசு. மணல் அச்சு மெதுவாகத்தான் ஆறும். உலோக அச்சில் கெதியாக உறையிறதால் தகடு சின்னதாக நிற்கும். எங்கட சின்னக் கொட்டில்களில் இருக்கிறது மணல் அச்சு. இரும்பைத் தாங்குற சக்தி குறைஞ்ச இடத்தில்தான் இரும்பு கூடவும் சேருது.

இரும்பு எல்லா இடத்திலும் கூடாது என்று நான் சொல்லவில்லை. உருக்கு அச்சுக்குள் அழுத்தத்தோடு குழம்பைப் பாய்ச்சுற தொழிற்சாலைகளில் கொஞ்சம் இரும்பை வேணுமென்றே வைச்சிருப்பார்கள். இல்லாவிட்டால் இரும்புப் பசி உள்ள குழம்பு அச்சையே கரைச்சு அதில் ஒட்டிக்கொள்ளும். அப்படி வார்க்கிற ஏடிசி12 கலப்பில் 1.3 வீதம் வரை அனுமதி இருக்கு. திரீவீலர் மூடி, கியர்பொக்ஸ் கோது எல்லாம் பெரும்பாலும் இந்த வகை. அதுக்கு அது சரி. அதே கோதை உருக்கி, மணலில் ஊத்தி, ஒரு மனுசனின் எஞ்சினைத் தாங்கச் சொல்றதுதான் பிழை.

போனால் திரும்பாது

"சரி, கலந்திட்டுது. பிறகு எடுக்கலாம்தானே?" என்று நீங்கள் கேட்கலாம். இரும்பு விசயத்தில் இதுதான் ஆகக் கஷ்டமான கேள்வி.

ஓ.எல். விஞ்ஞானத்தில் உலோகங்களை வரிசையாகப் பாடமாக்கினோமே: பொற்றாசியம், சோடியம், கல்சியம், மகனீசியம், அலுமினியம், நாகம், இரும்பு. சோதனை முடிய மறந்துபோன அந்த வரிசைதான் இங்கே விதி. அலுமினியத்துக்கு மேலே உள்ளவை அலுமினியத்தைவிடத் தாக்கம் கூடியவை. ஆகவே குளோரீன் வாயு விட்டோ உப்புப் போட்டோ மகனீசியத்தைப் பிரிச்சு எடுக்கலாம், அலுமினியம் பெரிசாகச் சேதமாகாது. இரும்பு அலுமினியத்துக்குக் கீழே நிற்குது. ஒட்சிசன் ஊதினால் முதலில் எரியிறது அலுமினியம், இரும்பு அப்படியே இருக்கும். உருக்குத் தொழிலில் இது தலைகீழ். அங்கே அழுக்கில் பெரும்பகுதி இரும்பைவிடக் கெதியாக எரிஞ்சு கசடாக மேலே வந்துவிடும்.

மின்பகுப்பால் சுத்தமாக்குற முறை ஒன்று இருக்கு. புது அலுமினியம் எடுக்கிறதுக்கு ஆகிற அளவு மின்சாரம் அதுக்கும் தேவை. அப்படிச் செய்தால் மீள்சுழற்சி எதுக்கு? பழைய அலுமினியத்தை உருக்கப் புதுசுக்குத் தேவையான சக்தியில் 5 வீதமளவு போதும் என்பதுதான் இந்தத் தொழிலின் முழு நியாயமும். புதுசாக ஒரு கிலோ எடுக்க 14 யூனிட் மின்சாரம் போகும். மாதப் பில்லை 60 யூனிட்டுக்குள் அடக்கப் பாடுபடுற ஒரு வீட்டின் முழு மாத மின்சாரமும் நாலு கிலோ அலுமினியத்துக்குத்தான் காணும்.

மிஞ்சுறது தண்ணி ஊத்துற வழி. கறியில் உப்புக் கூடினால் தண்ணி ஊத்துற மாதிரிப் புது அலுமினியத்தைக் கலந்து இரும்பின் அளவைக் குறைக்கிறது. உலகம் இண்டைக்குப் பெரும்பாலும் இதைத்தான் செய்யுது. கணக்குப் பார்ப்போம். 1 வீதம் இரும்பு உள்ள 100 கிலோவை 0.5 வீதத்துக்கு இறக்க வேணும். கலக்கிற புதுசில் 0.1 வீதம் இரும்பு இருக்கு என்று வைப்போம். 125 கிலோ புது அலுமினியம் வேணும். 100 கிலோப் பழசைக் காப்பாற்ற 125 கிலோப் புதுசு! சிலிக்கனும் ஐதாகிப் போறதால் அதையும் மேலதிகமாகப் போட வேணும்.

இலங்கையில் மண்ணிலிருந்து அலுமினியம் எடுக்கிற உருக்காலை ஒன்றுமில்லை. பாக்கு நீரிணைக்கு அங்கால, தமிழ்நாட்டு மேட்டூரில் 1960களில் தொடங்கின மால்கோ உருக்காலைகூட 2008இல் நிண்டுபோச்சு. எங்களுக்கு வாற ஒவ்வொரு கிலோப் புது அலுமினியமும் டொலரில் வருது. ஆகவே ஒரு சிலிண்டரில் கழற்றாமல் விட்ட லைனர் கடைசியில் டொலராகக் கணக்கில் விழுது. அந்தப் பில் லைனரைக் கழற்றாமல் வித்தவருக்கும் போகாது, கழற்றாமல் வாங்கினவருக்கும் போகாது. யாருக்குப் போகுது? பாதி நேரம் அந்தப் பில்லை ஒருவரும் கட்டுறதில்லை. கலக்காமலே வார்த்து விற்கிறோம். அப்போது பில் மாமாவிடம் வருது.

மங்கனீசு மருந்து

எடுக்க ஏலாவிட்டால் குணத்தை மாத்தலாம். மங்கனீசைக் கொஞ்சம் சேர்த்தால் இரும்பு தகடாக வராமல், கிளை விட்ட, ஓரளவு உருண்டு திரண்ட இன்னொரு வடிவத்தில் வரும். நுணுக்குக்காட்டியில் அது சீன எழுத்து மாதிரித் தெரியிறதால் தொழிலில் அந்தப் பெயராலேயே சொல்வார்கள். அதனாலும் கெடுதல் உண்டு, ஆனால் தகட்டைவிட எவ்வளவோ குறைவு. இரும்பில் பாதியளவு மங்கனீசு என்பது பொதுவான கைக்கணக்கு.

இந்த மருந்துக்கும் எல்லை இருக்கு. இரும்பு, மங்கனீசு, குரோமியம் மூன்றும் கூடிப்போனால் குழம்பு ஆற முதலே பாரமான, கல்லு மாதிரிக் கடினமான துணிக்கைகள் பிறந்து அடியில் சேறாகப் படியும். தொழிலில் இதுக்கு ஒரு கூட்டல் கணக்கு வைச்சிருக்கிறார்கள். இரும்பின் வீதம், அதோடு மங்கனீசின் ரெண்டு மடங்கு, குரோமியத்தின் மூன்று மடங்கு. 650 பாகையளவில் வைச்சிருக்கிற குழம்பில் இந்தக் கூட்டுத்தொகை 1.8ஐ அண்டினால் சேறு வரும். 1 வீதம் இரும்புக்கு 0.5 வீதம் மங்கனீசு போட்டாலே கணக்கு 2 ஆகிடுது.

கெட்டிக்கார ஆக்கள் இந்தச் சேற்றையே வழியாக்குறார்கள். வேணுமென்றே சேறு படிய விட்டு, மேலே உள்ளதை மட்டும் மெதுவாக எடுத்தால் இரும்பில் ஒரு பங்கு அடியோடு போயிடும். நல்ல யோசனைதான். அதோடு சேர்ந்து கொஞ்ச அலுமினியமும் போகும், வெப்பநிலையை அளந்து பிடிக்க வேணும், உள்ளே என்ன எவ்வளவு இருக்கு என்று முதலே தெரிஞ்சிருக்க வேணும். வெப்பமானியே இல்லாமல் குழம்பின் நிறத்தைப் பார்த்து ஊத்துற கொட்டிலுக்கு இது சரிவராது.

துறைமுகத்துக்கு அங்கால

"இது சின்ன வேலைக்குப் பெரிய கதை" என்று நினைக்கிறவர்களுக்கு எங்கட ஊரிலிருந்தே ஒரு உதாரணம். 1942 ஏப்ரல் 9ஆம் தேதி சீனக்குடா விமானத் தளத்தையும் துறைமுகத்தையும் தாக்க வந்த ஜப்பானிய ஸீரோ விமானங்களின் இறக்கைச் சட்டம் அந்தக் காலத்தின் ஆக வலுவான அலுமினியக் கலப்பு ஒன்றால் செய்தது. நாகமும் மகனீசியமும் செப்பும் சேர்த்த கலப்பு. 7075 என்று இண்டைக்கு விமானத் தொழிலில் புழங்குற கலப்பும் அதே குடும்பம்தான். 7075இல் இரும்பு 0.5 வீதம் வரை இருக்கலாம். பிறகு வெடிப்பு பரவாமல் தாங்குற இன்னொன்று தேவைப்பட்டபோது 7475 வந்தது. ரெண்டுக்கும் சேர்மானம் கிட்டத்தட்ட ஒன்று. பெரிய வித்தியாசம் இரும்பை 0.12 வீதத்துக்குக் கீழே இறக்கினது. விமானம் செய்யிறவர்கள் வெடிப்புக்குப் பயந்து முதலில் கை வைச்ச இடங்களில் ஒன்று இரும்பு. மீன்பிடிப் படகில் போறவரின் உயிரும் உயிர்தானே?

பெரிய நாடுகளுக்கும் இந்தப் பிரச்சினை இனித்தான் முழுசாக வரப்போகுது. இவ்வளவு காலமும் உலகத்தின் அழுக்கு அலுமினியம் போய்ச் சேர்ந்த இடம் பெற்றோல், டீசல் எஞ்சின்கள். எஞ்சின் புளொக், கியர்பொக்ஸ் கோது இவைக்கு இரும்பு கூடின கலப்பு காணும். மின்சார வாகனத்தில் எஞ்சின் புளொக் இல்லை. மாறாக, விபத்தில் நொறுங்காமல் மடிய வேண்டிய பெரிய உடற்பகுதி வார்ப்புகள் வருது. அதுக்கு இரும்பு 0.2 வீதத்துக்கும் கீழே கேட்பார்கள். அழுக்கு அலுமினியம் வந்துகொண்டே இருக்கும், போற இடம் சுருங்கும். அந்த நேரம் பிரிச்ச பழசுக்கும் பிரிக்காத பழசுக்கும் விலை இடைவெளி இன்னும் கூடும். 2020இல் நிறுத்தின வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் திரும்பத் திறந்த பிறகு எங்கட வீதியிலும் மின்சார வாகனம் கூடுது. பழைய எஞ்சின்கள் கடைகளில் குவியிற காலம் வருது. அதை எப்படிப் பிரிக்கிறது என்று இப்பவே யோசிக்க வேணும்.

தராசு சொல்ற நியாயம்

இனி நான் சொல்ல வந்த விசயம். வார்ப்புக் கொட்டில் அண்ணாவுக்குப் பழசு குடுக்கிற ஒருவரோடு கதைச்சேன். சைக்கிளில் பெட்டி கட்டி ஓர்ஸ் ஹில் பக்கமெல்லாம் சுத்தி வாங்குறவர். போல்ட்டை ஏன் கழற்றுறதில்லை என்று அவரிடமும் கேட்டேன். சிரிச்சார்.

"கழற்றினா நிறை குறையும் தம்பி. அரை நாள் இருந்து சுத்தியலால அடிச்சுக் கழற்றிக் கொண்டு போனாலும் அதே விலைதான். கழற்றாமக் கொண்டு போறவனுக்கும் அதே விலை. நான் ஏன் மெனக்கெடுவான்?"

இதில் ஒரு பிழையும் இல்லை. முழுக்கச் சரியான கணக்கு. கடைக்காரரும் தன்னளவில் சரி. எதுக்குள் எவ்வளவு இரும்பு இருக்கு என்று அவருக்குத் தெரியாது, ஆகவே எல்லாத்துக்கும் ஒரே மாதிரிக் கழிவு வெட்டி ஒரே விலை போடுறார். சுத்தமாகக் கொண்டு வந்தவரின் காசில் ஒரு பங்கு அழுக்காகக் கொண்டு வந்தவருக்குப் போகுது. இந்த ஒழுங்கில் பிரிக்கிறவர் நட்டப்படுவார், கலக்கிறவர் பிழைப்பார். பிறகு "எங்கட ஆக்களுக்குத் தரம் பற்றின அறிவில்லை" என்று மேடையில் பேசுவோம்.

எங்கட ஊரில் "பழைய இரும்புக்காரன்" என்கிறதை ஏச்சாகப் பாவிக்கிறோம். போருக்குப் பிறகு வடக்குக் கிழக்கில் பழைய உலோகம் பொறுக்கப் போய் வெடிபொருளில் கையையும் காலையும் இழந்த ஆக்கள் இருக்கிறார்கள். இந்த முழுத் தொழிலிலும் ஆபத்தும் அழுக்கும் அவர்கள் பக்கம், விலையைத் தீர்மானிக்கிற உரிமை மட்டும் இல்லை. ஆனால் இரும்பைத் தடுக்கக்கூடிய கடைசி இடம் அவர்களின் கை. போல்ட் வெளியில் நிற்கும்வரை அதை எடுக்க ஒரு சுத்தியலும் ஸ்பானரும் போதும். குழம்புக்குள் கரைஞ்ச பிறகு எந்த விஞ்ஞானியாலும் மலிவாக எடுக்க ஏலாது. அப்படியென்றால் அந்தச் சுத்தியல் அடிக்குத்தானே ஆகக் கூடின பெறுமதி?

நான் கேட்கிறது பெரிய தொழிற்சாலை இல்லை.

முதலாவது, பழைய அலுமினியத்துக்குக் குறைஞ்சது ரெண்டு விலை. காந்தம் ஒட்டாததுக்கு ஒரு விலை, ஒட்டுறதுக்கு இன்னொரு விலை. ஒரு பழைய ஸ்பீக்கர் காந்தம் காணும். அதுக்குள்ளும் அலோய் ரிம்மைத் தனியாக வைக்க வேணும். அது இரும்பு ஆகக் குறைஞ்ச நல்ல கலப்பு. காற்று வால்வையும் சமநிலை ஈயத் துண்டையும் கழற்றினால் கையில் இருக்கிறது நல்ல வார்ப்புக்கு உரிய உலோகம். இண்டைக்கு அதையும் கியர்பொக்ஸ் கோதையும் ஒரே பானையில் போட்டு நல்லதைக் கெடுக்கிறோம்.

ரெண்டாவது, பானையும் கம்பியும். இரும்புப் பானைதான் என்றால் உள்பக்கம் சுண்ணாம்போ களியோ பூசி, நன்றாகக் காயவிட்டுப் பாவிக்க வேணும். பூச்சு கழர கழரத் திரும்பப் பூச வேணும். கிளறுற கம்பிக்கும் அதே. காயாத பூச்சோடு குழம்புக்குள் விட்டால் வெடிச்சுத் தெறிக்கும், அதில் கவனம். வசதி வந்தால் கிரபைட் மூசை வாங்கலாம். தேவைக்கு மேல் சூடாக்குறதையும், உருக்கின பிறகு மணிக்கணக்கில் அடுப்பில் விடுறதையும் நிப்பாட்டினாலே கரையிற இரும்பு குறையும்.

மூன்றாவது, அளக்கிற வசதி. ஒரு சின்னத் துண்டில் மின்பொறி விட்டு உள்ளே எது எவ்வளவு என்று ஒரு நிமிசத்துக்குள் சொல்ற ஸ்பெக்ட்ரோமீட்டர் மெசின் இருக்கு. சின்னக் கொட்டில் ஒன்றால் அதை வாங்க ஏலாது. கிழக்கு மாகாணத்துக்கு ஒன்றாவது தொழில்நுட்பக் கல்லூரியிலோ கைத்தொழில் அபிவிருத்தி சபையின் கீழோ வைச்சு, சின்னத் தொழில் செய்யிறவர் கட்டக்கூடிய காசுக்குத் துண்டைப் பார்த்துக் குடுக்கலாம். அங்கே படிக்கிற பிள்ளைகளுக்கும் அது உண்மையான பயிற்சி.

நாலாவது, எதுக்கு எது என்று பிரிக்கிறது. இரும்பு கூடினதை வீச வேண்டியதில்லை. கேற்றுப் பூ, கிறில் அலங்காரம், பாரம் தாங்காத மூடி இவைக்கு அது போகட்டும். மனுச உயிர் தொங்குற பாகத்துக்குப் போக வேண்டாம். சமையல் பாத்திரத்தில் ஈயம் போன்ற வேற ஆபத்துகள் இருக்கிறதால் என்ன என்று தெரியாத பழசை அதுக்கும் பாவிக்க வேண்டாம்.

இதுக்கு ரெண்டு மறுப்பு வரும். ஒன்று, "தரமில்லாத கொட்டிலையெல்லாம் மூடினால் சரிதானே." மூடினால் மாமா பிராக்கெட்டுக்கு எங்கே போவார்? டொலர் இல்லாத வருசத்தில் ஊரின் எஞ்சின்களை ஓடவைச்சது இந்தக் கொட்டில்கள்தான். அடுத்த நெருக்கடியிலும் அவைதான் இருக்கும். அவற்றை நல்லதாக்க வேணும், ஒழிக்கக் கூடாது.

மற்றது, "பிரிச்சதுக்குக் கூட விலை குடுத்தால் கடைக்காரருக்கு நட்டம்." ஒரு கடை மட்டும் செய்தால் உண்மைதான். வாங்குற வார்ப்புக்காரர் சுத்தமானதுக்குக் கூடக் குடுத்தால்தான் கடையும் குடுக்கும். வார்ப்புக்காரருக்கு நல்ல விலை குடுக்க, படகுக்காரர் "இதில் இரும்பு எவ்வளவு?" என்று கேட்க வேணும். கடற்றொழிலாளர் சங்கங்கள் சேர்ந்து ஒரு தரம் கேட்டுப் பார்க்கட்டும். கேட்கிறவர் இல்லாத பொருளுக்குத் தரம் தானாக வராது.

பாடசாலைகளில் மீள்சுழற்சி வாரம் வைக்கிறோம், பச்சைச் சட்டை போட்டுப் படம் எடுக்கிறோம். எல்லாத்தையும் ஒரே சாக்கில் போட்டுக் குடுத்துவிட்டுப் பூமியைக் காப்பாற்றினோம் என்று நினைக்கிறோம். அடுத்த முறை அந்தச் சாக்குக்குப் பக்கத்தில் ஒரு காந்தத்தையும் ஒரு ஸ்பானரையும் வையுங்கோ.

சைக்கிள் பெட்டிக்காரர் போக முதல் இன்னொன்று சொன்னார்: "கழற்றின சாமானுக்கு அஞ்சு ரூபா கூடத் தாற கடையொண்டக் காட்டுங்க தம்பி, நாளைக்கே கழற்றுறன்." அப்படி ஒரு கடையை என்னால் இன்னும் காட்ட ஏலவில்லை. மாமா இப்போது பழைய கம்பனி பிராக்கெட் ஒன்றைத் தேடிப் பிடிச்சுப் போட்டிருக்கிறார். எஞ்சினுக்கு ரெண்டாவது கயிறும் கட்டியிருக்கிறார்.